டிஸ்க்கைப் பூட்டியாச்சு, இனி வைரஸ் என்ன செய்யும்?

கேள்வி, 2 பிப்ரவரி 2025

புது லேப்டாப். விண்டோஸ் 11 ப்ரோ. விண்டோஸிலேயே வரும் பிட்லாக்கர் போட்டு சி, டி இரண்டு டிரைவையும் முழுசாக என்க்ரிப்ட் செய்துவிட்டேன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டேன். எல்லாம் ஏற்கெனவே பூட்டியிருப்பதால் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தாலும் அதனால் எதையும் படிக்கவும் முடியாது, மறுபடி பூட்டவும் முடியாது என்பது என் கணக்கு. எனவே ஆன்டிவைரஸ், பேக்கப் ஹார்ட் டிஸ்க் இரண்டும் வீண் செலவு. தவறென்றால் சொல்லுங்கள்.

பதில், 2 பிப்ரவரி, இரவு 10.40

தவறு. மிஷின் அணைந்திருக்கும்போதுதான் பிட்லாக்கர் காவல். நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் விண்டோஸ் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்கிற புரோகிராமுக்கெல்லாம் ஃபைலை எடுத்து நீட்டுகிறது. வேர்டு கேட்டாலும் நீட்டும், வைரஸ் கேட்டாலும் நீட்டும். ஏனென்றால் வைரஸ் ஓடுவது உங்கள் பெயரில். நீங்கள் திறந்து திருத்தி சேமிக்கக்கூடிய எதையும் அதுவும் திறந்து திருத்தி சேமிக்கும்.

ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டுகிறோம். கல்யாணப் பந்தி நடக்கும் வீட்டுக்கு வாசல் திறந்துதான் இருக்கும். விருந்தாளி மாதிரி வேட்டி கட்டி உள்ளே வருகிறவனை அந்தப் பூட்டு என்ன செய்துவிடும்?

பேக்கப் எடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.

3 பிப்ரவரி, காலை

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். "ஏற்கெனவே பூட்டியதை மறுபடி பூட்ட முடியாது" என்று கேட்டிருந்தீர்கள். முடியும். என்க்ரிப்ஷனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தேவையே இல்லை, அதற்கு எல்லாம் வெறும் எண்கள்தான். உங்கள் நகைப்பெட்டியை அப்படியே தூக்கித் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்து இன்னொருவன் பூட்டிவிட்டால், உங்கள் கையில் உள்ள சாவியை வைத்து என்ன பண்ணுவீர்கள்?

5 பிப்ரவரி

தனிச்செய்தியில் இரண்டு பேர், "இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு வருகிற வியாதி, நம்ம மாதிரி ஆட்களை எவன் சீண்டப்போகிறான்" என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் 2020-ல் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் 2008-லிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2020 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். தை முகூர்த்தங்கள் தொடங்கும் நேரம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து காலை ஏழு மணிக்குப் போன். "அண்ணே, எந்தப் போட்டோவும் ஓப்பன் ஆகலண்ணே. எல்லா ஃபைலுக்கும் பின்னால நாலு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கு."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். கவலைப்படாதே, உன் ஃபைல் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஆரம்பிக்கிறது. விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490. அன்றைய கணக்கில் 35 ஆயிரம் ரூபாய் சுமாருக்கு வரும். ஆடித் தள்ளுபடி மாதிரி எழுதியிருந்தான்.

இந்த வகைக்கு ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று பெயர். 2018-லிருந்து சுற்றுகிறது. ஆஸ்பத்திரி, வங்கி என்று தேடிப் போவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர், சின்னக் கடை, மாணவர்கள், இலவசமாக சாஃப்ட்வேர் தேடுகிறவர்கள்தான் இதன் ஆட்கள். எனக்கு எழுதிய இருவருக்கும் இதுதான் பதில்: நம்ம மாதிரி ஆட்களை மட்டுமே குறிவைத்துச் செய்த சரக்கு இது.

வேலை செய்கிற விதத்தைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் அப்டேட் நடப்பது போல ஒரு பொய் ஜன்னலைக் காட்டும். ஸ்டுடியோ தம்பி அதைப் பார்த்துவிட்டு, அப்டேட் முடியட்டும் என்று டீ குடிக்கப் போயிருக்கிறான். விண்டோஸ் தானாக எடுத்துவைத்திருக்கும் பழைய நகல்களை முதலில் அழித்துவிடும். தீர்வு தேடி நாம் போகக்கூடிய பாதுகாப்புத் தளங்கள் அந்த மிஷினில் திறக்காதபடி ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கைவைக்கும்.

பேக்கப் இருந்தது. 2 டிபி ஹார்ட் டிஸ்க். சிபியுவின் பின்னால் யுஎஸ்பியில் இரவும் பகலும் செருகியே கிடந்தது. அதிலும் எல்லா ஃபைலுக்கும் அதே நாலு எழுத்து.

ஏழு வருடக் கல்யாணங்கள். அந்தத் தம்பி மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை.

5 பிப்ரவரி, இரவு

"பூட்டை உடைக்க முடியாதா, நீங்கள் சர்வீஸ் ஆள்தானே" என்று கேள்வி. ஸ்டுடியோ அண்ணனும் அன்று இதையேதான் கேட்டார்.

பூட்டில் இரண்டு வகை. ஒன்று வீட்டுப் பூட்டு, பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. இன்னொன்று கோயில் உண்டியல். யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், எடுப்பது சாவி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். ரான்சம்வேர் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. ஃபைல்களை வீட்டுப் பூட்டால் வேகமாகப் பூட்டும், பிறகு அந்தச் சாவியை உண்டியலுக்குள் போட்டுவிட்டு, கையில் இருந்த நகலை அழித்துவிடும். உண்டியல் சாவி நம் மிஷினுக்கு வருவதே இல்லை. டிஜேவியு முதல் வேலைக்கு சால்சா20, இரண்டாவதற்கு ஆர்எஸ்ஏ 2048 பிட் என்ற பூட்டு முறைகளை எடுத்துக்கொள்கிறது. பேங்க் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவே காவல் நிற்பதும் இதே கணக்கு வகைதான். அதை உடைக்க எனக்குத் தெரிந்தால் பேங்க் எதற்கும் அர்த்தமே இருக்காது.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, உண்டியல்ல தெரியாம ஸ்கூல் ஃபீஸ் பணத்தைப் போட்டுட்டா, சாமிகிட்ட கேட்டா தருமா?" சாமி தந்தாலும் தரும் கண்ணு, இவன் தரமாட்டான் என்றேன்.

6 பிப்ரவரி

உண்டியல் விஷயத்தில் ஒரு பழைய கதை. 1989-ல் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர், எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். போட்டுப் பார்த்தவர்கள் மிஷினில் உள்ளே ஒன்று உட்கார்ந்துகொண்டு, 90 தடவை ஆன் செய்ததும் ஃபைல் பெயர்களைக் குழப்பிவிட்டு, 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. உலகத்தின் முதல் ரான்சம்வேர் இது. ஆனால் அவர் போட்டது வீட்டுப் பூட்டு. சாவி அந்த ஃப்ளாப்பியிலேயே இருந்தது. எனவே எடுத்துவிட்டார்கள்.

உண்டியலை இதற்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று ஆடம் யங், மோட்டி யங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் எழுதி எச்சரித்தார்கள். 2013-ல் கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேர் வந்தபோது அப்படியே நடந்தது. மறு வருடம் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அந்தக் கும்பலின் வலைப்பின்னலை மடக்கியதில் சாவிகள் கிடைத்தன, நிறையப் பேருக்கு ஃபைல் திரும்பியது. அப்படிக் கிடைக்கும் சாவிகளைச் சேர்த்துவைக்கும் இலவசத் தளம்தான் 2016-ல் நெதர்லாந்து போலீசும் யூரோபோல் என்ற ஐரோப்பியப் போலீஸ் அமைப்பும் மற்றவர்களும் தொடங்கிய நோ மோர் ரான்சம். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அது.

அதனால் ஒரு வேண்டுகோள். பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பரணில் வையுங்கள். இன்று இல்லாத சாவி இரண்டு வருடம் கழித்து வரலாம்.

8 பிப்ரவரி

5-ம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாமே போய்விட்டது என்கிற மாதிரி இருக்கிறது. அது சரியில்லை, திருத்துகிறேன்.

டிஜேவியு அவசரக்காரன். ஒரு டெராபைட்டை முழுசாகப் பூட்ட மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். மிச்சம் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். இது தெரிந்த அன்று இரவு நான் தூங்கவில்லை.

கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் 7, 8 எம்பி இருக்கும். 150 கேபி போனால் அதில் ஐம்பதில் ஒரு பங்குதான் போகிறது. ஆனால் அந்தப் பங்கில்தான் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற தலைப்பகுதி இருக்கிறது. அதே கேமராவில், அதே அளவு, அதே தரத்தில் எடுத்த ஒரு நல்ல படத்தின் தலைப்பகுதியை வெட்டி இதில் ஒட்டினால் படம் எழுந்து உட்காருகிறது. மேலே ஒரு மெல்லிய பட்டை இருக்காது, நிறம் ஒரேயடியாகப் பச்சைக்கோ ஊதாவுக்கோ போயிருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும். நெட்டுக்குத்தாக எடுத்த படங்களில் பட்டை பக்கவாட்டில் போயிருந்தது. கேமரா எல்லாப் படத்தையும் படுக்கையாகத்தான் எழுதுகிறது, பிறகு திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பாழான படங்களில் நாங்கள் முதலில் எழுப்பியது ஒரு தாலி கட்டும் படம். மாலைக்கு மேலே பந்தலின் தோரணம் மட்டும் இல்லை. முகங்கள் முழுசாக இருந்தன. ஸ்டுடியோ அண்ணன் மானிட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

எம்பி4 வீடியோக்களையும் இப்படியே அதே கேமராவின் நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்துப் பெரும்பாலும் எடுத்தோம். ஜிப் போட்டு வைத்திருந்த பழைய ஆல்பங்களில் முதல் ஒன்றிரண்டு படங்கள் தவிர மற்றவை வந்தன. கேமராப் பையில் கிடந்த மெமரி கார்டுகளில் கடைசி இரண்டு கல்யாணமும் பத்திரமாக இருந்தன.

வராதவை சின்ன ஃபைல்கள். பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகைகள், கணக்கு எக்செல், முகவரிப் பட்டியல். 150 கேபிக்குக் குறைவாக இருந்தால் முழு ஃபைலும் பூட்டப்பட்டிருக்கும், உள்ளே மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

பணம் கட்டவில்லை. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் டிஜேவியுவின் பழைய வகைகள் 148-க்கு இலவசத் தீர்வு விட்டிருந்தது, ஆனால் இவருடையது அதற்குப் பிறகு வந்த வகை. ரீட்மீ ஃபைலில் இருக்கும் ஐடி எண் டி1 என்று முடிந்தால், வைரஸ் தன் சர்வரைத் தொட முடியாமல் எல்லோருக்கும் பொதுவான சாவியைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு நம்பிக்கை உண்டு. இவருடையது அப்படி முடியவில்லை. அந்த நேரம் நெட் மட்டும் போயிருந்தால்!

9 பிப்ரவரி

"அந்த ஸ்டுடியோவில் என்ன ஆன்டிவைரஸ் இருந்தது? அது ஏன் பிடிக்கவில்லை?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நாளை மறுநாள் எழுதுகிறேன்.

11 பிப்ரவரி

பிடித்தது.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான் இருந்தது. அது பிடித்து, சிவப்பு எச்சரிக்கை காட்டியது. தம்பி அதை அணைத்தான். ஆல்பம் டிசைனுக்கு ஒரு ப்ளகின் (துணை சாஃப்ட்வேர்) தேவைப்பட்டது, காசு கொடுக்காமல் அதை ஓட வைக்கும் கிராக்கைத் தேடினான், அதை இறக்கினான், டிஃபெண்டர் தடுத்தது, அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினான்.

அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தது நான்.

2008-லிருந்து எத்தனையோ மிஷினுக்கு காசு கொடுத்து வாங்காத விண்டோஸ், ஆக்டிவேட்டர், கிராக் போட்ட போட்டோஷாப் எல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் அப்போது கடைக்குக் கடை இதுதான் வழக்கம். வாடிக்கையாளர் அதைத்தான் கேட்டார், ஒரிஜினல் விலையைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஏற்றும்போது ஆன்டிவைரஸ் கத்தும். "கிராக்னா அப்படித்தான் கத்தும், அணைச்சிட்டு போடு, ஒண்ணும் ஆகாது" என்று அந்தத் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறேன். அவன் சொன்னபடி செய்தான்.

அன்று அவன் மூலையில் உட்கார்ந்திருந்ததை எழுதினேன். நான் அவனிடம் போய் உன் மேல் தப்பில்லை என்று சொல்ல நான்கு நாள் ஆனது என்பதை எழுதவில்லை. அந்த நான்கு நாளும் எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணனிடமும் பிறகுதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும்தானே ஓசியில கேட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து கடையில் கிராக் ஏற்றுவதில்லை. வருமானம் குறைந்தது. அது தனிக் கதை.

12 பிப்ரவரி

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் ஒருவர், "எல்லா கிராக்கிலும் வைரஸ் இருப்பதில்லை, ஆன்டிவைரஸ் சும்மாவும் கத்தும்" என்கிறார். உண்மை. அங்கேதான் ஆபத்தே இருக்கிறது. பத்து தடவை சும்மா கத்தியதைப் பார்த்துப் பழகியவன் பதினோராவது தடவையும் அணைப்பான். வைரஸ் எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. பூட்டை உடைக்க வேண்டாம், காவலாளியை வீட்டுக்காரரே உள்ளே தள்ளித் தாழ் போட்டுவிடுகிறார். காவலை நிறுத்திவிட்டு ஓட்டு என்று எந்த புரோகிராம் கேட்டாலும் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

இன்னொன்று. கிராக் விண்டோஸில் அப்டேட்டை நிறுத்திவைப்போம், ஆக்டிவேஷன் போய்விடும் என்ற பயம். வானாக்ரை என்ற ரான்சம்வேர் ஞாபகம் இருக்கிறதா? 2017 மே 12, வெள்ளிக்கிழமை. யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே மிஷினுக்கு மிஷின் தாவியது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேல் கம்ப்யூட்டர்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே விட்டுவிட்டது. இரண்டு மாதம் இருந்தது. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர், அதன் உள்ளே எழுதியிருந்த ஒரு இணைய முகவரி யார் பெயரிலும் இல்லை என்று பார்த்து, பத்துச் சொச்சம் டாலருக்குப் பதிவு செய்தார். அந்த முகவரி பதில் கொடுத்தால் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்ததால் பரவல் நின்றது. அந்த வாரம் என் கடைக்கு வந்த ஒவ்வொரு போனுக்கும் என்னிடம் இருந்த பதில் "ஆன் பண்ணாதீங்க" மட்டும்தான். அப்டேட்டை நிறுத்திக் கொடுத்ததே நான் என்னும்போது வேறென்ன சொல்வது?

15 பிப்ரவரி

முக்கியமானதை மறந்தேன். டிஜேவியு பல நேரம் தனியாக வருவதில்லை, பாஸ்வேர்டு திருடும் அசோரல்ட் மாதிரி ஒன்றையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் முதல் பத்து நிமிடத்திலேயே போயிருக்கும். ஃபைல் மேல் இருந்த கவலையில் 2020-ல் எனக்கு இது தோன்றவே இல்லை. மூன்று வாரம் கழித்து ஸ்டுடியோவின் மெயிலில் யாரோ நுழைந்திருந்தார்கள். மாட்டிக்கொண்டால் வேறொரு சுத்தமான மிஷினிலோ போனிலோ உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மெயிலை முதலில் மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றின் சாவியும் அதில்தான் வந்து விழுகிறது.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவர், "அப்படியானால் பிட்லாக்கரால் பயனில்லை, எடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். ஐயோ, எடுக்காதீர்கள். என் முதல் பதில் அப்படிப் பட்டிருந்தால் என் எழுத்தின் குறை.

என் தங்கை திருச்சி பஸ்ஸில் லேப்டாப் பையைத் தொலைத்தாள். அதில் ஆபீஸ் சம்பளப் பட்டியல், ஆதார் நகல்கள் எல்லாம் இருந்தன. டிஸ்க் பூட்டியிருந்ததால் எடுத்தவனுக்குக் கிடைத்தது ஒரு பழைய லேப்டாப், அவ்வளவுதான். பூட்டாத டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மிஷினில் மாட்டினால், விண்டோஸ் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமலே எல்லாம் தெரியும். என் கடையில் தினமும் செய்கிற வேலை அது.

ஆனால் 48 இலக்க ரெக்கவரி கீ எங்கே வைத்திருக்கிறீர்கள்? மதர்போர்டு மாற்றினால் அதைக் கேட்கும். போன வருடம் ஒரு ஆசிரியர் வந்தார். மதர்போர்டு மாற்றிய பிறகு நீலத்திரை, சாவி கேட்கிறது. எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாள் தேடினோம். திருடனும் இல்லை, வைரஸும் இல்லை, அவருடைய பாடக்குறிப்புகள் அவருக்கே இல்லாமல் போயின. சாவியைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் வைக்கும் இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமிக்க வேண்டாம்.

2 மார்ச்

கொஞ்சம் விலகிப் போகிறேன். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்ததை என் மாமியார் திறக்கப் போனார். நான் தடுத்ததும், "மேலேயே போட்டிருக்கே மாப்பிள்ளை, எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன், பத்திரம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். பிட்லாக்கர் கேள்வியும் இதுவும் ஒன்றேதான். அரக்கு முத்திரை வைத்த கடிதத்தை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதை முத்திரை சொல்லும். எழுதியவன் யார், எழுதியது நிஜமா என்பதை அது சொல்லாது. அந்தப் பத்திரிகையின் பெயர் ஏபிகே என்று முடிந்தது. படமோ பிடிஎஃப்போ அப்படி முடியாது, அது ஒரு செயலி. போட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பிறகு ஓடிபி எல்லாம் அவன் கைக்கு. பணம் போய்விட்டால் யோசிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

2 மார்ச், சற்று பின்

பேக்கப் எத்தனை என்று கேட்டவருக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்தக் கணக்கைச் சொன்ன பீட்டர் க்ரோ ஒரு போட்டோகிராபர். ஸ்டுடியோ அண்ணன் இப்போது இரண்டு டிஸ்க்கை வாரம் மாற்றி மாற்றி வைக்கிறார், ஒன்று அவர் அக்கா வீட்டில். நகல் எடுத்ததும் ஒயரைக் கழற்றிவிடுவார். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திறந்து பார்க்கிறார். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

14 அக்டோபர் 2025

இழையை மேலே தூக்கிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கு இன்றோடு அப்டேட் நிற்கிறது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் உண்டு. என் பழைய வாடிக்கையாளர் பலருடைய மிஷின் விண்டோஸ் 11 ஏறாத வயசு.

2020-க்கு முன்னால் நான் கிராக் ஏற்றிக் கொடுத்த மிஷின்கள் பற்றிய நோட்டு இன்னும் கடையில் இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, கூலி வாங்காமல் மாற்றிக் கொடுக்கிறேன். ஒரிஜினல் வாங்குகிறவருக்கு ஒரிஜினல், முடியாதவருக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும். பேஜ்மேக்கர் பழைய ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் டிரா ஓரளவு திறக்கிறது, பழைய தமிழ் எழுத்துருவில்தான் தகராறு. அந்த ஸ்டுடியோ தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருகிறான்.

நோட்டில் இன்னும் பதினேழு பெயர் பாக்கி. நாளை பாபநாசம் பக்கம் இரண்டு வீடு.